துப்பறியும் ஏஜென்ட், க்ரைம் நாவலாசிரியர், சிறைக் கைதி... யார் இந்த டேஷியல் ஹாமெட்?

ஓடிடியைத் திறந்தால் போதும், இந்தக் காட்சி எங்கேயாவது கண்ணில் படும். மழை பெய்யும் இருட்டு நகரம், வாடகை பாக்கி வைத்திருக்கும் ஒரு பிரைவேட் டிடெக்டிவ், பாதி உண்மையை மறைத்துவிட்டு உதவி கேட்டு வரும் க்ளையன்ட், காசு வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளும் போலீஸ். எந்த நாட்டுத் தொடராக இருந்தாலும் இந்த செட்டப் நமக்கு நன்றாகவே பழகிப்போய்விட்டது.

ஆனா, இந்த வகைக் கதைக்கு ஒரு தொடக்கப் புள்ளி இருக்கு. சுமார் 100 ஆண்டுகளுக்கு முன்பு, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில், காசநோயால் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் முடங்கிய ஒரு முன்னாள் துப்பறியும் ஊழியர், வீட்டுச் செலவுக்காக எழுதத் தொடங்கினார். அவர் பெயர் டேஷியல் ஹாமெட்.

அவர் எழுதியது மொத்தம் 5 நாவல்கள்தான். அதுவும் 1929 முதல் 1934 வரையிலான ஐந்தே ஆண்டுகளில் வெளியானவை. அதற்குப் பிறகு 27 ஆண்டுகள் உயிரோடு இருந்தும் அவர் இன்னொரு நாவலை வெளியிடவில்லை. இடையில் இரண்டு உலகப் போர்களில் ராணுவ சேவை, ஹாலிவுட் வாழ்க்கை, கடைசியில் சிறைவாசம். அவரது வாழ்க்கையே ஒரு க்ரைம் நாவலுக்குச் சளைத்தது இல்லை. விரிவாகப் பார்க்கலாம்.

14 வயதுக்குள் வாழ்க்கையைப் பார்த்தவர்

சாமுவேல் டேஷியல் ஹாமெட் 1894-ம் ஆண்டு மே 27-ம் தேதி மேரிலாந்து மாகாணத்தில் பிறந்தார். பிலடெல்பியாவிலும் பால்டிமோரிலும் வளர்ந்தார். குடும்பத்தில் பணம் இல்லை. அப்பாவுக்கு உதவியாக இருக்க வேண்டிய கட்டாயத்தில் பதின்ம வயதின் தொடக்கத்திலேயே பள்ளிப் படிப்பை விட்டார். ரயில்வே கம்பெனியில் எடுபிடி வேலை, சரக்கு கணக்கு எழுதும் வேலை, சுமை தூக்கும் வேலை என்று கிடைத்ததை எல்லாம் செய்தார். எதிலும் நிலைக்கவில்லை.

1915-ல் பால்டிமோரில் ஒரு வேலை கிடைத்தது. அதுதான் அவரது வாழ்க்கையையே மாற்றியது. அமெரிக்காவின் புகழ்பெற்ற பிங்கர்ட்டன் தனியார் துப்பறியும் நிறுவனத்தில் ஏஜென்ட் வேலை. அப்போது ஹாமெட்டுக்கு 21 வயது.

பிங்கர்ட்டன் என்றால் என்ன?

ஆலன் பிங்கர்ட்டன் என்பவர் 1850 வாக்கில் சிகாகோவில் தொடங்கிய நிறுவனம் இது. எஃப்.பி.ஐ. எல்லாம் உருவாவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நாடு முழுக்க கிளைகள் வைத்து இயங்கியது. இதன் சின்னம், திறந்திருக்கும் ஒரு கண். தாங்கள் தூங்குவதே இல்லை என்பதுதான் அந்தச் சின்னம் சொல்லும் சேதி. தனியார் துப்பறிவாளரை ஆங்கிலத்தில் பிரைவேட் ஐ என்று சொல்லும் வழக்கம் இந்தக் கண்ணிலிருந்துதான் பிரபலமானது என்று பலரும் சொல்கிறார்கள்.

சினிமாவில் காட்டுவது போல துப்பாக்கி, துரத்தல் என்று இந்த வேலை இருக்காது. ஒருவரை நாள் முழுக்கப் பின்தொடர வேண்டும். அவர் எங்கே போனார், யாரைப் பார்த்தார் என்று குறித்துக்கொண்டு ஆபீசுக்கு அறிக்கை எழுதித் தர வேண்டும். அறிக்கையில் அலங்காரம் கூடாது. கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது மட்டும்தான். பிற்காலத்தில் ஹாமெட்டின் உரைநடைக்கு இந்த அறிக்கைகள்தான் பயிற்சிக்கூடமாக இருந்தன என்று விமர்சகர்கள் சொல்வதில் ஆச்சரியம் இல்லை.

இந்த அனுபவங்களைச் சின்னச் சின்னக் குறிப்புகளாக 1923-ல் ஒரு பத்திரிகையில் அவர் எழுதினார். படிச்சா சிரிப்பு வரும். ஒரு ஆளைப் பின்தொடர்ந்து போகிறார். அந்த ஆள் ஊருக்கு வெளியே நடந்துபோய் வழி தெரியாமல் திண்டாடுகிறார். கடைசியில் பின்தொடர்ந்த ஹாமெட்டே அவருக்கு ஊர் திரும்ப வழி சொல்ல வேண்டியதாகிவிட்டது. இன்னொரு குறிப்பில், ராட்சத ராட்டினம் ஒன்றையே திருடிய ஒருவரைத் தனக்குத் தெரியும் என்கிறார்.

ஆனா, இந்த வேலைக்கு ஒரு இருண்ட பக்கமும் இருந்தது. பிங்கர்ட்டன் நிறுவனத்துக்கு பெரிய வருமானமே முதலாளிகளிடமிருந்துதான். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தால் அதை உடைக்க, சங்கங்களுக்குள் உளவு பார்க்க பிங்கர்ட்டன் ஆட்கள் அனுப்பப்பட்டார்கள்.

1917 ஆகஸ்ட் மாதம், மொன்டானா மாகாணத்தின் பியூட் என்ற சுரங்க நகரத்தில் தொழிற்சங்கத் தலைவர் ஃபிராங்க் லிட்டில், முகமூடி அணிந்த கும்பலால் இழுத்துச் செல்லப்பட்டு தூக்கில் தொங்கவிடப்பட்டார். அவரைக் கொல்ல தனக்கு 5,000 டாலர் தருவதாக ஒருவர் பேரம் பேசியதாக ஹாமெட் தன்னிடம் சொன்னார் என்று அவரது நீண்டகாலத் துணை லில்லியன் ஹெல்மன் பிற்காலத்தில் எழுதினார். இந்தத் தகவலை ஆய்வாளர்கள் சிலர் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். ஆனால், சுரங்க முதலாளி, கூலிப்படை, வேலைநிறுத்தம் ஆகிய மூன்றும் ஹாமெட்டின் மனதை விட்டுப் போகவில்லை. அவரது முதல் நாவலே அதைப் பற்றியதுதான்.

காசநோய் கொடுத்த புதிய தொழில்

1918-ல் ஹாமெட் ராணுவத்தில் சேர்ந்தார். ஆம்புலன்ஸ் பிரிவில் பணி. அவர் போர்க்களத்தைப் பார்க்கவே இல்லை. அந்த ஆண்டு உலகத்தையே உலுக்கிய ஸ்பானிஷ் ஃப்ளூ அவரையும் தாக்கியது. தொடர்ந்து காசநோய். 1919-ல் ராணுவத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

திரும்பவும் பிங்கர்ட்டன் வேலைக்குப் போனார். உடம்பு ஒத்துழைக்கவில்லை. மீண்டும் மருத்துவமனை. அங்கே தன்னைக் கவனித்துக்கொண்ட ஜோஸஃபின் டோலன் என்ற நர்ஸைக் காதலித்து 1921-ல் சான் பிரான்சிஸ்கோவில் திருமணம் செய்துகொண்டார். முதல் குழந்தையும் பிறந்தது. கையில் இருந்தது கொஞ்சம் ராணுவ பென்ஷன் மட்டும்தான்.

இனி தெருத் தெருவாக அலையும் வேலை முடியாது என்று ஆனதும், ஹாமெட் எடுத்த முடிவு எழுதுவது. பள்ளிப் படிப்பே முடிக்காதவர், சான் பிரான்சிஸ்கோ பொது நூலகத்தில் உட்கார்ந்து படித்துத் தள்ளினார். 1922-ல் முதல் சின்னக் கதை அச்சில் வந்தது.

அவருக்குக் கைகொடுத்தது பல்ப் பத்திரிகைகள். மலிவான காகிதத்தில் அச்சாகி, பளபளப்பான அட்டையோடு ரயில் நிலையக் கடைகளில் தொங்கும் பத்திரிகைகள் இவை. வார்த்தைக்கு இவ்வளவு காசு என்று கணக்குப் போட்டுத்தான் எழுத்தாளருக்குக் கூலி. அதில் முக்கியமானது 1920-ல் தொடங்கப்பட்ட 'பிளாக் மாஸ்க்'.

அதுவரை துப்பறியும் கதைகள் எப்படி இருந்தன?

ஹாமெட் என்ன மாற்றினார் என்று புரிய, அதற்கு முன்பு என்ன இருந்தது என்று தெரிய வேண்டும்.

அந்தக் காலத்துப் பிரபல துப்பறியும் கதைகளில் பெரிய பங்களா இருக்கும். விருந்தாளிகள் இருப்பார்கள். நூலக அறையில் ஒரு பிணம் கிடக்கும். அதிபுத்திசாலி துப்பறிவாளர் வருவார், சிகரெட் சாம்பலையும் சேற்றுக் காலடியையும் பார்ப்பார், கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் கூட்டிவைத்து குற்றவாளியைக் கைகாட்டுவார். குற்றவாளி போனதும் உலகம் பழையபடி ஒழுங்காகிவிடும். ஒரு புதிரைப் போட்டு அவிழ்ப்பது மாதிரிதான். படிக்க சுவாரசியமாக இருக்கும். ஆனால் நிஜக் கொலைகள் அப்படி நடப்பதில்லை.

ஹாமெட்டுக்கு நிஜம் தெரியும். கொலை பணத்துக்காக நடக்கிறது, பயத்தில் நடக்கிறது, ஆத்திரத்தில் நடக்கிறது. அதைச் செய்கிறவர்கள் நுணுக்கமாகத் திட்டம் போடுவதில்லை. கண்டுபிடிக்கிறவரும் மேதை இல்லை. விடாமல் நடப்பவர், விடாமல் கேள்வி கேட்பவர், அவ்வளவுதான்.

காலமும் ஒத்து வந்தது. 1920-ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் முதன்முறையாக அமெரிக்கர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நகர்ப்புறங்களில் வாழ்வது தெரியவந்தது. அதே 1920-ல் மதுவிலக்குச் சட்டம் அமலுக்கு வந்தது. 1933 வரை நீடித்தது. குடிக்கிறவன் குடித்துக்கொண்டுதான் இருந்தான். கள்ளச்சாராயம் காய்ச்சி விற்ற கும்பல்கள் கொழுத்தன. போலீஸ், நீதிபதி, மேயர் என எல்லா மட்டத்திலும் லஞ்சம் பாய்ந்தது. பங்களா கொலைகளைவிட தங்கள் தெருவில் நடப்பதைப் பேசும் கதைகளுக்கு வாசகர்கள் தயாராக இருந்தார்கள்.

பெயரே இல்லாத ஹீரோ

1923 அக்டோபர் 1 தேதியிட்ட 'பிளாக் மாஸ்க்' இதழில் ஒரு கதை வந்தது. எழுதியவர் பெயர் பீட்டர் காலின்சன். அது ஹாமெட்டின் புனைபெயர். அந்தக் காலத்துக் குழூஉக்குறியில் பீட்டர் காலின்ஸ் என்றால் ஆளே இல்லாத ஆள் என்று அர்த்தம். அப்படிப் பார்த்தால் காலின்சன் யார் பெற்ற பிள்ளையும் இல்லை.

அந்தக் கதையில்தான் கான்டினென்டல் ஆப் என்ற பாத்திரம் அறிமுகமானது. கான்டினென்டல் என்ற துப்பறியும் நிறுவனத்தின் ஊழியர். குள்ளம், குண்டு, நடுத்தர வயது. அவருக்குப் பெயரே கிடையாது. பல கதைகள், 2 நாவல்கள் வரை வந்தும் கடைசிவரை ஹாமெட் அவருக்குப் பெயர் வைக்கவில்லை.

இந்த வகைக் கதைக்கு ஹாமெட் ஒருவர்தான் காரணம் என்று சொல்ல முடியாது. சில மாதங்கள் முன்பே அதே பத்திரிகையில் கேரல் ஜான் டேலி என்பவர் முரட்டு டிடெக்டிவ் கதை எழுதிவிட்டார். ஆனால் டேலியின் ஹீரோ வாய்ச்சவடால் பேர்வழி. ஹாமெட்டின் ஆள் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். அடி வாங்குவார், தவறாகக் கணிப்பார், மறுநாள் திரும்ப வேலைக்குப் போவார். படிக்கிறவருக்கு இவர் நம்மில் ஒருத்தர் என்று தோன்றியது. நிலைத்தது இந்தப் பாணிதான். ஆங்கிலத்தில் இதற்கு ஹார்ட்பாயில்ட் என்று பெயர். நன்றாக வேகவைத்து இறுகிப்போன முட்டை மாதிரி மனம் இறுகிப்போன ஆட்களின் கதை.

இருந்தாலும் எழுத்தில் வந்த காசு போதவில்லை. 1926-ல் இரண்டாவது மகள் பிறந்த நேரத்தில், ஒரு நகைக்கடைக்கு விளம்பரம் எழுதும் வேலைக்குப் போனார். சில மாதங்களிலேயே அலுவலகத்தில் ரத்த வாந்தி எடுத்து மயங்கி விழுந்தார். நோய் தொற்றிவிடும் என்பதால் குழந்தைகளோடு ஒரே வீட்டில் இருக்கக் கூடாது என்று சுகாதாரத் துறை சொன்னது. மனைவியும் மகள்களும் தனியே போனார்கள். தனி அறையில் டைப்ரைட்டரோடு இருந்த ஹாமெட்டின் சிறந்த எழுத்துகள் இந்தக் காலத்தில்தான் வந்தன.

ஊரே குற்றவாளி: 'ரெட் ஹார்வெஸ்ட்'

1929-ல் புத்தகமாக வந்த முதல் நாவல் 'ரெட் ஹார்வெஸ்ட்'. கதை நடக்கும் ஊரின் பெயர் பெர்சன்வில். ஊர்க்காரர்கள் அதைப் பாய்சன்வில், அதாவது விஷ ஊர் என்று உச்சரிக்கிறார்கள். பியூட் நகரத்தை மனதில் வைத்தே இதை எழுதினார் என்பது பரவலான கருத்து.

கதை இதுதான். சுரங்கம், வங்கி, பத்திரிகை என எல்லாமே ஒரு கிழட்டு முதலாளியின் கையில். தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை உடைக்க அவர் வெளியூர் ரவுடிகளை இறக்குகிறார். வேலைநிறுத்தம் உடைகிறது. ஆனால் வந்த ரவுடிகள் திரும்பிப் போகவில்லை. ஊரையே பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதையாகிவிட்டது முதலாளிக்கு. பெயரில்லாத டிடெக்டிவ் ஒரு கும்பலை இன்னொன்றோடு மோதவிட்டு ஊரைச் சுத்தம் செய்ய இறங்குகிறார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கு. ஊரைச் சுத்தம் செய்யப் போனவருக்கே ரத்த வெறி தொற்றுகிறது. கொலைகளைப் பார்த்துப் பார்த்து தனக்கும் மரத்துப்போகிறது என்பதை அவரே உணர்கிறார். யார் கொலைகாரன் என்று கண்டுபிடித்தால் கதை முடிந்துவிடும் என்ற பழைய நம்பிக்கை இங்கே உடைகிறது. ஒரு ஆளைப் பிடித்து உள்ளே போடலாம். ஊரை எப்படி உள்ளே போடுவது?

சாம் ஸ்பேட் பிறந்த கதை

1930-ல் வந்தது 'தி மால்டீஸ் ஃபால்கன்'. விலைமதிப்பற்ற ஒரு பருந்துச் சிலையைத் தேடி சான் பிரான்சிஸ்கோவுக்கு வரும் மோசடிக் கூட்டம், நடுவில் மாட்டிக்கொள்ளும் தனியார் துப்பறிவாளர் சாம் ஸ்பேட். சாம் என்பது ஹாமெட்டின் சொந்த முதல் பெயரான சாமுவேலின் சுருக்கம். ஹாமெட் குடியிருந்த போஸ்ட் தெரு 891-ம் எண் கட்டடமே ஸ்பேடின் வீட்டுக்கு மாதிரி என்று கருதப்படுகிறது.

இந்த நாவலில் யார் மனதில் என்ன ஓடுகிறது என்று ஒரு இடத்தில்கூட ஆசிரியர் சொல்வதில்லை. என்ன செய்தார்கள், என்ன பேசினார்கள், முகம் எப்படி மாறியது, அவ்வளவுதான். பிங்கர்ட்டன் அறிக்கை மாதிரி. ஸ்பேட் நல்லவரா கெட்டவரா என்று கடைசி வரை நாமேதான் முடிவு செய்ய வேண்டும்.

நடுவில் ஒரு குட்டிக் கதை வரும். மையக் கதைக்குச் சம்பந்தமே இல்லாதது போலத் தோன்றும். டகோமா நகரத்தில் ரியல் எஸ்டேட் தொழில் செய்யும் ஒருவர், மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது கட்டி முடிக்காத கட்டடத்திலிருந்து ஒரு உத்தரம் அவர் பக்கத்தில் விழுகிறது. மயிரிழையில் தப்பிக்கிறார். ஒழுங்காக வாழ்ந்தாலும் எந்த நிமிடமும் சாகலாம் என்பது அவருக்கு உறைக்கிறது. அன்றே மனைவி, குழந்தைகள், சொத்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காணாமல் போகிறார். சில ஆண்டுகள் கழித்து அவரைத் தேடிப்போன ஸ்பேட், இன்னொரு ஊரில் கண்டுபிடிக்கிறார். அங்கே அவர் வேறு பெயரில், முன்பைப் போலவே ஒரு மனைவி, ஒரு குழந்தை, ஒரு தொழில் என்று அதே வாழ்க்கையைத்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறார். உத்தரம் விழுந்தபோது அதற்கேற்ப மாறினார். அதற்குப் பிறகு உத்தரங்கள் விழவில்லை, அதற்கும் ஏற்ப மாறிக்கொண்டார்.

சில பக்கங்களிலேயே முடிந்துவிடும் இந்தக் கதை, பல வாசகர்களுக்கு சிலையைவிட அதிகம் நினைவில் நிற்கிறது.

இந்தக் கதைகள் ஏன் இவ்வளவு பிடிக்கின்றன?

நகரத்துக் கெட்ட காரியங்களைப் படிப்பதில் மனிதருக்கு என்ன சந்தோஷம்? ரத்தமும் துப்பாக்கியும் மட்டும் காரணம் என்றால் இந்த வகை எப்போதோ செத்திருக்கும். ஹாமெட்டின் கதைகளை வைத்தே மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, நகரத்தின் கதவுகள். நகரத்தில் இருப்பவருக்குத் தன் தெரு தெரியும், ஆபீஸ் தெரியும். மாளிகையில் என்ன நடக்குது, துறைமுகத்துக்குப் பின்னால் என்ன நடக்குது என்று தெரியாது. பணக்கார வீட்டு வரவேற்பறையிலும் சூதாட்ட விடுதியின் பின்வாசலிலும் ஒரே நாளில் நுழையக்கூடிய ஆள் டிடெக்டிவ் மட்டும்தான். அவரோடு நாமும் நுழைகிறோம். இரண்டு இடத்தையும் இணைக்கும் கயிறு எது என்று பார்க்கிறோம்.

இரண்டாவது, பொய் சொல்லாத தன்மை. சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்று பாடப்புத்தகம் சொல்லும். அப்படி இல்லை என்று அனுபவம் சொல்லும். இந்தக் கதைகள் அனுபவத்தின் பக்கம் நிற்கின்றன. அதனால் இருட்டான கதையாக இருந்தும் படிக்கிறவருக்கு ஒரு ஆறுதல் கிடைக்கிறது. நாம் நினைத்தது தப்பில்லை என்ற ஆறுதல்.

மூன்றாவதுதான் முக்கியம். எல்லாமே விற்பனைக்கு என்று ஆகிவிட்ட ஊரில், விற்பனைக்கு இல்லாத ஒரு விஷயத்தை அந்த டிடெக்டிவ் வைத்திருப்பார். அது பெரிய லட்சியம் எல்லாம் இல்லை. சாம் ஸ்பேடுக்குத் தன் கூட்டாளியைச் சுத்தமாகப் பிடிக்காது. ஆனால் அந்தக் கூட்டாளி கொல்லப்பட்டதும், அதற்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறார். பிடித்தவருக்காக நிற்பது எல்லோரும் செய்வது. தொழிலுக்கும் சொல்லுக்கும் கட்டுப்பட்டு, பிடிக்காதவருக்காகவும் நிற்பதுதான் ஸ்பேடின் கணக்கு.

கதையில் இப்படி எழுதுவது சுலபம். எழுதியவருக்கே அந்தச் சோதனை வந்தால்?

ஹாலிவுட், பணம், மௌனம்

1931-ல் 'தி கிளாஸ் கீ', 1934-ல் 'தி தின் மேன்' என்று அடுத்தடுத்து நாவல்கள். 'தி தின் மேன்' அதே ஆண்டு படமாகி பெரிய வெற்றி பெற்றது. அந்த வரிசையில் மொத்தம் 6 படங்கள் வந்தன. 'தி மால்டீஸ் ஃபால்கன்' 1931, 1936 என இரண்டு முறை படமாகியும் பெரிதாகப் பேசப்படவில்லை. 1941-ல் ஜான் ஹூஸ்டன் தன் முதல் படமாக இயக்கி, ஹம்ப்ரி போகார்ட் நடித்ததுதான் இன்றும் பேசப்படும் படம்.

பணம் கொட்டியது. அது வந்த வேகத்தில் போனது. ஹோட்டல், குடி, சூதாட்டம். நோயால் தொடங்கிய குடும்பப் பிரிவு நிரந்தரமாகிவிட்டது. 1930-ல் ஹாலிவுட்டில் சந்தித்த லில்லியன் ஹெல்மனுடன் வாழ்க்கை போனது. ஹெல்மன் பின்னாளில் புகழ்பெற்ற நாடக ஆசிரியர் ஆனார். அவரது முதல் வெற்றி நாடகத்துக்கான கருவைக் கொடுத்ததும், எழுத எழுதத் திருத்தச் சொன்னதும் ஹாமெட். தன்னுடைய எழுத்து மட்டும் நின்றுபோனது. பலமுறை தொடங்கினார், முடிக்கவில்லை.

1930-களின் பிற்பகுதியில் அவர் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். ஒரு காலத்தில் வேலைநிறுத்தங்களை உடைக்கும் நிறுவனத்தில் சம்பளம் வாங்கியவர், தொழிலாளர் பக்கம் வந்து நின்றார்.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது இன்னொரு ஆச்சரியம். 1942-ல், 48 வயதில், காசநோய் வடு உள்ள நுரையீரலோடு மீண்டும் ராணுவத்தில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளில் கடும் குளிரில் பணி. அங்கே சிப்பாய்களுக்காக ஒரு பத்திரிகையும் நடத்தினார்.

1951: நீதிமன்றத்தில் என்ன நடந்தது?

போர் முடிந்ததும் அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை தொடங்கியது. ஹாமெட், சிவில் ரைட்ஸ் காங்கிரஸ் என்ற அமைப்பின் நியூயார்க் பிரிவுத் தலைவராக இருந்தார். அரசியல் வழக்குகளில் கைதானவர்களுக்கு ஜாமீன் கட்ட அந்த அமைப்பு ஒரு நிதி வைத்திருந்தது. அந்த நிதியின் பொறுப்பாளர்களில் ஹாமெட்டும் ஒருவர். பலர் அதில் பணம் போட்டிருந்தார்கள்.

கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்கள் 11 பேர் தண்டிக்கப்பட்டு, இந்த நிதியிலிருந்து கட்டிய ஜாமீனில் வெளியே இருந்தார்கள். 1951 ஜூலையில் சிறைக்குப் போக வேண்டிய நேரத்தில் அவர்களில் 4 பேர் தலைமறைவானார்கள். அவர்கள் எங்கே என்று தேடிய அரசு, ஜாமீன் நிதிக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயர்களைக் கேட்டது. பொறுப்பாளர்களுக்கு சம்மன் போனது.

1951 ஜூலை 9-ம் தேதி ஹாமெட் நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றத்தில் நின்றார். கேட்கப்பட்ட கேள்விகளுக்கு, தனக்கு எதிராகவே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்ற அரசியல் சட்ட உரிமையைக் காட்டி பதில் சொல்ல மறுத்தார். ஒரு பெயரும் அவர் வாயிலிருந்து வரவில்லை. நீதிமன்ற அவமதிப்பு என்று 6 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இதில் விசித்திரம் என்னன்னா, அந்தப் பெயர்கள் ஹாமெட்டுக்கு உண்மையில் தெரியவே தெரியாது என்று ஹெல்மன் பிற்காலத்தில் எழுதினார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். அதைச் சொல்லக்கூட அவர் தயாராக இல்லை. கொடுத்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது என்றால் முழுசாகக் காப்பாற்ற வேண்டும் என்பது அவர் கணக்கு.

சுமார் 5 மாதங்கள் சிறையில் இருந்தார். 57 வயது. கென்டக்கி மாகாணத்தின் ஆஷ்லேண்ட் சிறையில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை, கழிப்பறை சுத்தம் செய்வது.

சிறைக்குப் பிறகு...

வெளியே வந்தபோது எல்லாம் போயிருந்தது. அவரது பாத்திரங்களை வைத்து ஒலிபரப்பான வானொலித் தொடர்கள் நின்றுவிட்டன. வருமான வரித்துறை 1 லட்சம் டாலருக்கும் மேல் பாக்கி என்று சொல்லி, புத்தகங்களிலிருந்து வரும் வருமானத்தை முடக்கியது.

1953-ல் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியின் குழு அவரை அழைத்து விசாரித்தது. வெளிநாடுகளில் அமெரிக்க அரசு நடத்திய நூலகங்களில் இருந்து அவரது புத்தகங்கள் அகற்றப்பட்டன. இது நாடு முழுக்கப் பேச்சானது. தானாக இருந்தால் அந்தப் புத்தகங்களை எடுத்திருக்க மாட்டேன் என்ற பொருளில் அதிபர் ஐசனோவரே பேசிய பிறகு அவை திரும்ப வைக்கப்பட்டன.

நியூயார்க்குக்கு வெளியே, நண்பர்கள் வாடகை வாங்காமல் கொடுத்த ஒரு சின்ன வீட்டில் ஹாமெட் சில ஆண்டுகள் இருந்தார். குடியை 1948-லேயே விட்டிருந்தார். 'டூலிப்' என்ற நாவலை எழுத முயன்றார். அதுவும் பாதியில் நின்றது. கடைசிக் காலத்தில் ஹெல்மன் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். 1961 ஜனவரி 10-ம் தேதி, 66 வயதில், நுரையீரல் புற்றுநோயால் ஹாமெட் இறந்தார்.

எந்த அரசு சிறையில் தள்ளியதோ, அதே அரசின் ஆர்லிங்டன் தேசிய ராணுவக் கல்லறையில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. இரண்டு உலகப் போர்களிலும் சேவை செய்த ராணுவ வீரர் என்ற முறையில் அந்த உரிமை அவருக்கு இருந்தது.

இன்றைக்கும் ஏன் ஹாமெட்?

அவர் போட்ட பாதையில் வந்தவர் பட்டியல் நீளம். அடுத்த தலைமுறையின் பெரிய பெயரான ரேமண்ட் சாண்ட்லர், ஹாமெட்டைத் தன் முன்னோடி என்று வெளிப்படையாகவே எழுதினார். சாண்ட்லரின் முதல் துப்பறியும் கதை 1933-ல் வந்ததும் அதே 'பிளாக் மாஸ்க்' பத்திரிகையில்தான். இரண்டு கும்பல்களை மோதவிடும் தனி ஆள் என்ற கருவை ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'யோஜிம்போ' படத்தில் பார்க்கும் விமர்சகர்கள், அதன் வேரை 'ரெட் ஹார்வெஸ்ட்' நாவலில் தேடுகிறார்கள். கோயன் சகோதரர்களின் முதல் படமான 'பிளட் சிம்பிள்' தன் தலைப்பையே அந்த நாவலில் வரும் ஒரு சொல்லிலிருந்துதான் எடுத்தது.

சான் பிரான்சிஸ்கோவில் இப்போது ஹாமெட் பெயரில் ஒரு சின்னத் தெரு இருக்கிறது. அவர் கதைகளில் வரும் இடங்களைத் தேடி வாசகர்கள் இன்றும் நடக்கிறார்கள்.

ஹாமெட்டைப் புதிதாகப் படிக்க நினைப்பவர்கள் 'தி மால்டீஸ் ஃபால்கன்' நாவலில் தொடங்கலாம். ஊழல் அரசியல் பிடிக்கும் என்றால் 'தி கிளாஸ் கீ', அதிரடி பிடிக்கும் என்றால் 'ரெட் ஹார்வெஸ்ட்'. எதை எடுத்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். அவரது டிடெக்டிவ்கள் யாரும் உலகத்தைத் திருத்துவதில்லை. கதை முடியும்போதும் ஊர் பெரும்பாலும் பழைய ஊராகத்தான் இருக்கும். ஆனால் ஒரு ஆள் மட்டும், விலை பேசியும் மசியாமல், தன் வேலையை முடித்துவிட்டு ஆபீசுக்குத் திரும்பியிருப்பார்.